தவறான டின்னும் காலி டேங்கரும்: கட்கியிலிருந்து செம்பூர் வரை, ஜனவரி 1980

புனே–மும்பை பழைய சாலையைப் பற்றிப் போன மாதம் இங்கே எழுதியதிலிருந்து மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "எக்ஸ்பிரஸ்வே வருவதற்கு முன்னால் ஸ்கூட்டரிலேயே பம்பாய் போனீர்களாமே, எவ்வளவு நேரம் ஆகும்?" நியாயமான கேள்விதான். எக்ஸ்பிரஸ்வேயில் இரு சக்கர வண்டிகளுக்கு இன்றைக்கும் அனுமதி கிடையாது. ஸ்கூட்டரிலோ பைக்கிலோ போக நினைப்பவர்களுக்கு அன்றும் இன்றும் பழைய சாலைதான் கதி. பதில் இதுதான்: வண்டி ஒழுங்காக இருந்தால் நான்கரை மணி நேரம். எங்களைப் போலப் போனால் ஆள் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேரலாம், வண்டி நான்கு நாள் கழித்து டெம்போவில் ஏறி வீட்டுக்கு வரும்.

நாங்கள் போனது 1980 ஜனவரியில், ஒரு புதன்கிழமை. கல்யாணமாகி எட்டு மாதம். நான் புனேயின் கண்டோன்மென்ட் பகுதியான கேம்பில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் டீச்சர். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதத்துக்கு ஊர் நாசரேத் பக்கம், வேலை போசரியில் ஒரு சின்னப் பட்டறையில். டர்னர், அதாவது லேத் மெஷினில் இரும்பைக் கடைகிறவர். நான் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். என் அப்பாவும் கட்கியில் ராணுவத் தளவாட ஆலையில் லேத்தில்தான் வேலை பார்த்தார். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அப்போது உலகத்தையே எண்ணெய் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. ஈரானில் ஆட்சி கவிழ்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கச்சா எண்ணெய் விலை ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் பாரசீக வளைகுடாவை வரைபடத்தில் காட்டியபோது ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அவங்க சண்டை போட்டா எங்க வீட்டு ஸ்டவ் ஏன் எரியலை?" என்று கேட்டாள். எங்கேயோ இடி இடித்து எங்கேயோ மழை பெய்கிற கதை என்று சமாளித்தேன். அன்று சாயந்திரம் நானே மண்ணெண்ணெய்க்காக ரேஷன் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தாள்.

போசரியில் நிலைமை இன்னும் மோசம். இவர் பட்டறைக்கு இரும்பு அனுப்புகிற உலைக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. இரும்பு வராததால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அதே சமயம் எண்ணெய் விற்கிற நாடுகளில் பணம் புரண்டது. அங்கே ஆலை கட்ட ஆள் தேடி ஏஜெண்டுகள் பம்பாயில் கடை விரித்திருந்தார்கள். ஆக, எந்த எண்ணெய் இங்கே வேலையைப் பறித்ததோ அதே எண்ணெய் அங்கே வேலைக்குக் கூப்பிட்டது. போசரியில் இருந்த அத்தனை டர்னரும் மனுப் போட்டார்கள், இவரும் போட்டார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குத் தந்தி வந்தது. அபுதாபிப் பக்கம் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம், செம்பூரில் ஒரு பட்டறையில் தொழில் சோதனை, புதன் காலை 11 மணி.

தந்தியைப் படித்ததும், "நல்லதாப் போச்சு, போய்ட்டு வாங்க" என்று பல்லைக் காட்டினேன். அவரும் "பின்ன என்ன, போவோம்" என்று சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், அவர் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, இரண்டு வருஷம் என்றால் மூன்று பங்கு. ஆனால் வாரம் மூன்று நாள் வேலைக்குப் போய் மீதி நாள் வீட்டில் சட்டை மடித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம், போகாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பஸ்ஸில் போகலாம் என்றால் டீசல் இல்லாமல் பாதி பஸ்களை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டமும் ரயிலில் ஏறியதால் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. காலை வேக ரயில் பம்பாய் போய்ச் சேரவே பதினொன்று ஆகிவிடும், அதற்குப் பிறகு செம்பூர். எனவே ஸ்கூட்டர். நானும் ஒரு நாள் லீவ் எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு உடன் புறப்பட்டேன்.

காலை 5:20. கட்கியில் எங்கள் வீடு. நல்ல குளிர். அந்தக் கால ஸ்கூட்டர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோலில் அளவாக இன்ஜின் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உள்ளுக்குள்ளேயே காய்ந்து இறுகிவிடும். பம்பில் தருகிற ஆயிலில் கலப்படம் என்று எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பட்டறை ஆட்களுக்கு அது ஒரு கர்வம். தங்கள் ஆயிலைத் தாங்களே டின்னில் கொண்டுபோவார்கள். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டின் இருந்தது. ஒன்றில் ஸ்கூட்டருக்கான ஆயில். இன்னொன்றில் கூலண்ட் எண்ணெய், லேத்தில் இரும்பை வெட்டும்போது சூடு தணிய ஊற்றுவது. "ஸ்டெல்லா, ஆயில் டின்ன எடுத்துப் பையில வையி" என்றார். கரண்ட் இல்லை. கைக்கு வந்த டின்னை எடுத்துப் பையில் வைத்தேன்.

5:45-க்கு பம்புக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் பதினான்கு வண்டி. ஆளுக்கு மூன்று லிட்டர்தான் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். லிட்டர் ஐந்து ரூபாயை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். எங்கள் முறை வந்தது 6:25-க்கு. இவர் டின்னைத் திறந்தார், மூக்கருகே கொண்டுபோனார், ஒரு தும்மல் போட்டார், அளந்து டாங்கில் ஊற்றினார், வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்கினார். மூடியில் வழிந்ததை நான் கைக்குட்டையால் துடைத்தேன். புறப்பட்டோம்.

பிம்ப்ரி, சிஞ்ச்வாட், தேஹு ரோடு, தளேகாவ். இந்தப் பகுதி நேரான சாலை, இரு பக்கமும் வயல், ஜனவரியில் பனி இறங்கி அழகாக இருக்கும். தேஹு ரோட்டுக்குப் பிறகு வண்டி வழக்கத்துக்கு மேல் புகை விட்டது. பின்னால் வந்த சைக்கிள்காரர் இருமிக்கொண்டே எங்களைத் திட்டினார். குளிர் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

58 கிலோமீட்டர், லோனாவாலா, காலை 7:50. ஓட்டுகிறவர்கள் இங்கே கட்டாயம் இறங்கிக் கால் நீட்ட வேண்டும். வடா பாவ் ஒன்று ஐம்பது காசு, டீ நாற்பது காசு என்று என் டைரியில் இருக்கிறது. அந்த ஊர்க் கடலைமிட்டாயான சிக்கி வாங்கினோமா என்று கேட்பவர்களுக்கு: கால் கிலோ வாங்கினோம், லோனாவாலா போய்ச் சிக்கி வாங்காமல் வந்தால் கேம்பில் யாரும் பேசமாட்டார்கள்.

சாப்பிடுவதற்கு முன்னால் கடைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கை கழுவினேன். விரலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கில் தண்ணீர் பட்டதும் அது வெள்ளையாக மாறியது. பால் மாதிரி. தொட்டிக்குக் கீழே ஓடிய தண்ணீரும் வெள்ளை. கைக்குட்டையை நனைத்தேன், அதிலிருந்தும் பால்.

இன்ஜின் ஆயில் தண்ணீரில் வெளுக்காது, மிதக்கும். தண்ணீரில் பாலாகிற எண்ணெய் ஒன்றுதான் உண்டு. லேத் வேலைக்காரன் மகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைத்தால் வாளித் தண்ணீர் இப்படித்தான் வெளுக்கும். டின் மாறிவிட்டது. மலைப்பாதையில் வண்டி நிற்கப்போகிறது. இப்போது சொன்னால் போதும், டாங்கைக் காலி செய்து வேறு பெட்ரோல் பிடித்துக்கொள்ளலாம், லோனாவாலாவில் மெக்கானிக் இருக்கிறான், நேரமும் இருக்கிறது.

நான் சொல்லவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு வடா பாவைத் தின்றேன். வண்டி நின்றால் சோதனை போகும், சோதனை போனால் இவர் என்னோடு இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. நானும் பிறகு அவரும் மாறி மாறி அந்தத் தொட்டிக்குப் போய் வந்தோம், வண்டியைக் கிளப்பினோம். "எல்லாம் சரியா இருக்கால்லா?" என்று கேட்டார். "எல்லாம் டீக் இருக்கு, சலோ" என்றேன்.

கண்டாலா தாண்டி மலைப்பாதை இறங்கத் தொடங்குகிறது. கோபோலி வரை மொத்தமே 15 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் வயிற்றைக் கலக்கும். கீழே பள்ளத்தாக்கும் ரயில் பாதையும் தெரிகிற இடத்தில் நின்று பார்க்காமல் போகாதீர்கள். நாங்கள் நிற்க நினைக்கவில்லை, வண்டியே நின்றது. மணி 8:25. பின்னால் வெள்ளைப் புகை, ஒரு கிரீச், பின்சக்கரம் இறுகிக்கொண்டது. விழாமல் நிறுத்தியது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. பையிலிருந்து டின்னை எடுத்துத் திறந்தார், மோந்தார், தலையில் அடித்துக்கொண்டார். "அட கர்த்தரே, இது கூலண்டுல்லா! நான் பாக்காம ஊத்திட்டேனே!"

"அரே, டின்ன எடுத்தது நான்தான்" என்றேன்.

"ஊத்துனது நானுல்லா. வுடு ஸ்டெல்லா."

வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு வளைவு இறங்கியதும் சிங்க்ரோபா கோயில் வந்தது. மலையில் வழி காட்டிய ஓர் ஆட்டிடையருக்கான சின்னக் கோயில் அது. அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்கள் எல்லோரும் அங்கே வேகத்தைக் குறைத்துக் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி. இன்றைக்கும் அப்படித்தான், நீங்களும் குறைத்துப் போங்கள், பிரேக்குக்கும் நல்லது.

இவர் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, அதில் ஒரு கறுப்புக் கறை. சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிற மனுஷன், வந்த ஒரே வாய்ப்பும் போய்விட்டதே என்று நொந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பட்டது. அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பெண்டாட்டி செய்கிற காரியமா இது? என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மேலேயிருந்து ஒரு டேங்கர் லாரி இறங்கி வந்தது. கோயிலுக்காக வேகம் குறைந்ததும் நான் சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். பூகோளம் டீச்சர், நாற்று நடுகிறவள்போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. லாரி என் மூக்குக்கு நான்கடி முன்னால் நின்றது.

டிரைவர் சாத்தாரா பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், பெரிய மீசை. நான் 'காகா' என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் 'தாயி' என்றார், மராத்தியில் சித்தப்பா, அக்கா என்று அர்த்தம். மராத்தியில் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது, திட்டி முடித்தபின் பேசியதை எழுதுகிறேன்.

"சாகணும்னா வேற லாரி பாரு தாயி. இது காலி டேங்கர், காலி டேங்கர்தான் பயங்கரம், உள்ளே பூரா காஸ். எங்க போகணும்?"

"செம்பூர், காகா. பதினோரு மணிக்குள்ள."

"செம்பூர் தாண்டித்தான் நான் போறேன், மாஹுல் ஆலைக்கு. பெட்ரோல் ரொப்பத்தான். கிளீனர் இன்னிக்கு வரலை, இடம் இருக்கு. பீடி குடிப்பானா உன் ஆளு?"

"மாட்டார்."

"அப்ப ஏறச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரிலிருந்து எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோயில் வாசலில் தேங்காய் விற்ற அம்மாள் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பையை மட்டும் எடுத்துக்கொண்டோம், டின்னும் அதற்குள்தான். நான் பத்துக் காசு எடுத்துச் சிங்க்ரோபாவுக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதைச் சொல்லவில்லை.

8:55-க்கு லாரி கிளம்பியது. டேங்கரில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: போகாதீர்கள், இன்றைக்கு யாரும் ஏற்றவும் மாட்டார்கள். சீட்டுக்குக் கீழே இன்ஜின் சூடு, வளைவுக்கு வளைவு மூவரும் ஒரு பக்கமாகச் சாய்வோம். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து அந்தச் சாலையைப் பார்த்ததற்கு ஈடு இல்லை. காகா வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே பேசினார். ஆலைக் கேட்டில் இரண்டு நாள் வரிசையில் நின்றால்தான் ஒரு லோடு கிடைக்கிறதாம். "பம்புக்கு லேட்டாப் போனா ஜனங்க என்னைத் திட்டுறாங்க. நான் என்ன அரபி ஷேக்கா? என் வீட்டுலயும் மண்ணெண்ணெய் இல்லை தாயி. என் பொண்டாட்டி சொல்றா, இருபது வருஷமா எண்ணெய் சுமக்குற, வீட்டுக்கு ஒரு சொட்டு வந்துச்சான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. யோசித்துப் பார்த்தால் அன்று காலை எங்களைச் சுற்றி இருந்த எல்லாமே அந்த ஒரு கச்சா எண்ணெயிலிருந்து வந்தவைதான். சாலையின் தார், லாரியின் டீசல், இவர் மடியிலிருந்த பிளாஸ்டிக் பை, டாங்கில் மாறிப்போன கூலண்ட், இவரைக் கூப்பிடுகிற வேலை. பள்ளியில் இத்தனை நாள் 'ஏற்றுமதி, இறக்குமதி' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பாடத்தை மூன்று பீரியட் எடுத்தேன்.

கோபோலி, பன்வேல் வழியாகக் கழிமுகப் பாலத்தைத் தாண்டினோம். பாலத்தின்மேல் உப்புக் காற்று அடித்ததும் இவர் முதல் தடவையாக வாயைத் திறந்து, "கடலு" என்றார். அவ்வளவுதான். செம்பூரில் காகா எங்களை இறக்கிவிட்டபோது 11:20. பணம் வாங்க மறுத்துவிட்டார். சிக்கிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தேன்.

இருபது நிமிஷம் தாமதம் என்று ஓடினோம். ஓடியது வீண். பட்டறை வாசலில் ரேஷன் கடை வரிசையைவிட நீளமாக ஒரு வரிசை. மலையாளிகள், ஆந்திராக்காரர்கள், சர்தார்ஜிகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. இவர் பெயரைக் கூப்பிட்டது 2:10-க்கு. ஷட்டர் திறந்தே இருந்ததால் நான் வெளியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஒரு இரும்புக் கம்பியில் நட்டு ஏறுகிற மாதிரி மரை வெட்ட வேண்டும், அதுதான் சோதனை. முன்னால் போனவர்களின் கம்பிகள் மேஜையில் கிடந்தன. பாதிக்கு மேல் கருகியும் பிசிறடித்தும் இருந்தன. காரணம், அங்கே கூலண்ட் எண்ணெய் இல்லை. மார்க்கெட்டில் ஒரு வாரமாகவே கிடைக்கவில்லை, வறட்டு இரும்பில் வெட்டுங்கள் என்று சோதனை நடத்தியவர் ஹிந்தியில் சொன்னார்.

இவர் மெஷின் முன்னால் ஒரு நிமிஷம் சும்மா நின்றார். கம்பியைக் கையிலெடுத்துத் தடவினார். பிறகு பைக்குள் கை விட்டு அந்த டின்னை வெளியே எடுத்தார். வாளியில் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினார். தண்ணீர் பாலாக வெளுத்தது. அப்போது நிமிர்ந்து ஷட்டர் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். தெரிந்துவிட்டதோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பாலை ஊற்றி ஊற்றி அவர் வெட்டிய மரை மேஜை மேல் வெள்ளி மாதிரி மின்னியது. சோதனை நடத்தியவர் நட்டைப் போட்டுச் சுழற்றினார், அது தானாகவே கடைசி வரை ஓடியது. "சபாஷ்! கூலண்டைக் கையோடு கொண்டுவந்த முதல் ஆள் நீதான்" என்று முதுகில் தட்டினார். எங்கள் ஸ்கூட்டரைக் கொன்ற டின் இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது. ஆறு வாரத்தில் புறப்பட வேண்டும்.

மாலை 5 மணி ரயிலில் நின்றுகொண்டே புனே திரும்பினோம். "உனக்குச் சந்தோஷந்தானே?" என்று கேட்டார். "ரொம்ப" என்றேன். "அப்ப சரி" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் டெம்போவில் வந்து சேர்ந்தது.

அவர் போய்விட்டு 1982-இல் திரும்பி வந்தார். இடையில் எழுபத்தொரு கடிதம், பதினெட்டு ஒலிநாடா. ஒலிநாடாவில் பாதி நேரம் இருமலும் ஏர் கண்டிஷனர் சத்தமும்தான். நான் அந்த ஸ்கூட்டரைச் சரிசெய்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கு ஸ்கூட்டரில் வந்த முதல் டீச்சர் நான், பிள்ளைகள் கேட்டில் நின்று கைதட்டுவார்கள். டின்னை மோந்து பார்க்காமல் ஒரு நாளும் ஊற்றியதில்லை.

பழைய சாலையில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விடிந்ததும் கிளம்புங்கள், எட்டு மணிக்குள் லோனாவாலாவைத் தாண்டிவிட்டால் கூட்டமில்லை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கு அழகு, ஆனால் பாறை விழும், மூடுபனியும் உண்டு, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஜனவரிதான் நல்லது. மலை இறங்கும்போது கியரில் இறங்குங்கள். கட்கியிலிருந்து செம்பூர் சுமார் 148 கிலோமீட்டர்.

இந்த இடத்தோடு பதிவை முடித்திருந்தேன். வெளியிடுவதற்கு முன்னால் அவரிடம் காட்டிவிட வேண்டும் என்று மனசு சொன்னது. லோனாவாலா தொட்டி விஷயத்தை இத்தனை வருஷம் மறைத்தாயிற்று, ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்வதுதானே மரியாதை. நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா, அந்தத் தொட்டியில நீ மட்டுந்தான் கை கழுவுனியா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எனக்குத் தெரிய லோனாவாலா வரைக்கும் போக வேண்டியதில்ல. பம்புலயே தெரியும். பத்து வருஷமா அந்த எண்ணெயிலதான் குளிச்சிட்டு இருந்தேன், மோந்தா தெரியாதா?"

"தெரிஞ்சேவா ஊத்துனீங்க?"

"தெரிஞ்சேதான். எனக்கு எங்க போக மனசு இருந்துச்சு? நீ பல்லக் காட்டிட்டுப் போங்க போங்கன்ன. மாட்டேன்னு சொன்னா கோழைன்னு நெனைப்பியேன்னு இருந்துச்சு. வண்டி நின்னா யார் மேலயும் பழி இல்லல்லா."

"அப்ப அந்தச் சுவத்துல உட்கார்ந்து..."

"நிம்மதியா உக்காந்திருந்தேன். அப்பந்தான் நீ நடு ரோட்டுல போய் லாரிய மறிச்ச. உசிரக் குடுத்து மறிக்கா, இவளுக்கு நான் போறதுல எம்புட்டு ஆசைன்னு நெனச்சுக்கிட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ளப் பக்கத்தில் டின் எதுவும் இல்லை. கோபம் வந்தது, கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "சரி, சோதனையில வேணும்னே கெடுத்திருக்கலாமே? அந்த டின்ன எதுக்கு எடுத்தீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெனச்சுத்தான் நின்னேன் ஒரு நிமிஷம். கம்பியக் கையில குடுத்துட்டா மோசமா வெட்ட வர மாட்டேங்குது, ஸ்டெல்லா."

ஆகவே மேலே சொன்ன ஆலோசனைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் பெட்ரோல் பார்ப்பீர்கள், காற்று பார்ப்பீர்கள், பிரேக் பார்ப்பீர்கள். அப்படியே பின்னால் உட்காருகிறவரிடமும் திரும்பி, அங்கே போய்ச் சேருவதில் உனக்கு உண்மையிலேயே விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவரும் உங்களைக் கேட்கட்டும். இதற்கு ஐந்து விநாடிதான் ஆகும், ஒரு காசு செலவில்லை. கேட்காமல் போனதற்கு எங்களுக்கு ஆன செலவு இரண்டு வருஷம்.